நீனோவின் ஒரு நாள்

பிற நாட்டாரின் வாழ்க்கையை அறிய விரும்புவோர் அந்நாட்டின் மாளிகைகளையும் பாலங்களையும் பற்றி எழுதப்பெற்ற நூல்களைத் தேடுவது வழக்கம். அவற்றால் விளையும் அறிவு சிறிதே. ஒரு கூலியாள் காலையில் எழுந்து எவ்வாறு வேலைக்குப் போகிறான், மாலையில் எவருடன் எங்கே அமர்ந்து இளைப்பாறுகிறான் என்பதை உள்ளது உள்ளவாறு உரைக்கும் நூல் கிடைக்குமாயின் அதுவே அந்நாட்டைப் பற்றிய நல்ல நூலாகும். அத்தகையதென்று பல்லாண்டுகளாகப் பாராட்டப்பெற்று வரும் ஆஸ்திரேலிய நாவல் ஒன்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இதனை நாம் கையில் எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம் தோட்டத்து மண்டோர் ஒருவரின் மகன் மெல்போர்ன் நகரிற் கல்வி பயில்கின்றான். பகலிற் படிப்பு, மாலையில் ஓர் உணவுக்கடையின் சமையற்கட்டில் வேலை. சென்ற மாதம் அவன் தந்தைக்கு எழுதிய செய்தியில், வேலை முடிந்ததும் உடன் வேலை செய்வோர் தன்னைக் குடிக்கும் இடத்துக்கு அழைப்பதாகவும், போகாவிட்டால் ஒதுங்கியவனாகவும் போனால் வீட்டை மறந்தவனாகவும் தனக்குத் தோன்றுவதாகவும் குறித்திருந்தான். தந்தையார் அதனை நம்மிடம் காட்டி, “கிராணி ஐயா, நீங்க இங்கிலீசு படிச்சவங்க. அந்த ஊரு சகவாசம் எப்படிப்பட்டதுன்னு எதிலயாச்சும் எழுதியிருக்கா?” என்று கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடியே இந்நூலைப் படித்தோம். அவருக்குச் சொல்ல வேண்டிய விடையும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டிய விடையும் ஒன்றேயாதலின் இங்கே எழுதுகின்றோம்.

நூலின் பெயர் ‘தே ஆர் எ வியர்ட் மாப்’. ‘அவர்கள் ஒரு விசித்திரக் கூட்டம்’ என்று தமிழிற் சொல்லலாம். 1957-ஆம் ஆண்டு சிட்னி நகரில் வெளிவந்தது. அட்டையில் ஆசிரியர் பெயர் நீனோ குலோட்டா என்று இருந்தது. கதை சொல்பவனும் அவனே. அவன் இத்தாலி நாட்டு எழுத்தாளன்; ஆஸ்திரேலியர் எத்தகையோர் என்று தம் நாட்டாருக்கு எழுதுமாறு பத்திரிகை முதலாளியால் அனுப்பப்பெற்றவன். ஒரு மக்களை அறிய வேண்டுமானால் அவர்களோடு சேர்ந்து உழைக்க வேண்டும் என்று கருதி, கொத்தனாருக்குச் சிற்றாளாகச் சேருகின்றான். அவன் வேலை செய்த கதையும், பழகிய கதையும், மணம் புரிந்து வீடு கட்டி அந்நாட்டிலேயே தங்கிவிட்ட கதையுமே நூல். அது வெளிவந்த உடனே ஆயிரக்கணக்கில் விற்றது. மீண்டும் மீண்டும் அச்சேறியது. 1966-இல் மைக்கேல் பவல் அதனைத் திரைப்படமாக்கினார். இத்தாலிய நடிகர் வால்டர் கியாரி நீனோவாக நடித்தார்.

முதலில் நூலின் நலங்களைக் கூறுவோம்.

நீனோ பள்ளியிற் கற்ற ஆங்கிலத்தோடு சிட்னியில் வந்து இறங்குகின்றான். அவன் கற்றது இலக்கண ஆங்கிலம். தெருவில் வழங்குவதோ சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பாதி விழுங்கப்பெற்று, நடுநடுவே வசைச்சொல் வெறும் அசைச்சொல்லாக வந்து விழும் ஆங்கிலம். வாடகை வண்டிக்காரன் சொல்லும் இடப்பெயரின் நடுவே ஒரு வசைச்சொல் வர, அதுவும் பெயரின் ஒரு பகுதியே போலும் என்று மயங்குகின்றான் நீனோ. ஆங்கில வழியிற் கற்றுப் பட்டம் பெற்ற நம்மவர் எத்தனை பேர் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்த அரை மணியில் இந்நிலையை அடைந்திருப்பர்! ஆசிரியர் தொழிலாளரின் பேச்சைக் காதாற் கேட்டபடியே எழுத்திற் பிடித்திருக்கின்றார். பால்மரம் வெட்டும் தொழிலாளியின் வாயிலும் பண்டிதர் நடையை வைத்து எழுதும் நம் கதாசிரியர்கள் இவ்வொன்றையேனும் இந்நூலிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

அடுத்தது, வேலையைச் சொல்லும் முறை. நீனோவுக்கு வேலை கொடுப்பவன் ஜோ என்னும் கொத்தனார். முதல் வேலை, பஞ்ச்போல் என்னும் புறநகரில் ஒரு வீட்டுக்கு அடித்தளம் போடப் பள்ளம் தோண்டுதல். பேனா பிடித்த கைக்கு மண்வெட்டி எத்துணைக் கொடியது என்பது அதைப் பிடித்தவர்க்கே தெரியும். பள்ளம் வெட்டுவது, கலவை சுமப்பது, செங்கல் அடுக்குவது முதலியவற்றை ஆசிரியர் அழகுபடுத்தவுமில்லை, அழுதுகாட்டவுமில்லை. இடையில் தேநீருக்கு ஓய்வு. அதற்கு ‘ஸ்மோக்கோ’ என்று பெயர். அந்த ஓய்வு முதலாளியின் கருணையால் வந்ததன்று; அது தொழிலாளியின் உரிமை. வேலை நேரம் முடிந்ததும் கருவிகளைக் கழுவி வைத்துவிட்டு எல்லோரும் போய்விடுகின்றனர்.

இந்த நாளின் அளவு வானத்திலிருந்து விழுந்ததன்று என்பதை வாசகர் உணர வேண்டும். 1856 ஏப்ரல் 21-இல் மெல்போர்ன் நகரத்துக் கற்கொத்தர் வேலையை நிறுத்திவிட்டு ஊர்வலமாக நடந்து எட்டு மணி நேர வேலைநாளைப் பெற்றனர். 1907-இல் நீதிபதி ஹிக்கின்ஸ் ஒரு வழக்கில், மனைவியும் மூன்று பிள்ளைகளும் உடைய ஒருவன் நாகரிகமாக வாழ எவ்வளவு வேண்டுமோ அதுவே குறைந்த கூலி என்று தீர்ப்பளித்து, நாளொன்றுக்கு 7 ஷில்லிங் என வரையறுத்தார். 1948 தொடக்கத்தில் வாரத்துக்கு 40 மணி நேர வேலை நாடெங்கும் வந்தது. நீனோவின் மாலைப் பொழுது அவனுக்கு முன் வந்தோர் நூறு ஆண்டுகளாகப் போராடி வாங்கி வைத்தது. நூலோ இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. சூரியன் உதிப்பது போல மாலை ஓய்வும் தானே வருவதாகக் காட்டுகிறது. நகைச்சுவை நூலில் வரலாறு எதற்கு என்பீர்களாயின், அக்கேள்வியும் நியாயமே. ஆயினும் வெளிநாட்டான் ஒருவன் முதன்முதலில் வியக்க வேண்டியது இதனையன்றோ?

இனி, சகவாசத்துக்கு வருவோம். நூலின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

மதுக்கடையில் நீனோ கற்கும் முதற்பாடம் ‘ஷவுட்’ என்பது. ஐந்து பேர் கூடினால் ஒருவன் ஐவருக்கும் வாங்குவான். அக்கிண்ணங்கள் தீர்ந்ததும் இரண்டாமவன் ஐவருக்கும் வாங்குவான். இவ்வாறு ஐந்து சுற்று. தன் முறை வருமுன் நழுவுவோன் கீழ்மகன். தனக்கு மட்டும் வாங்கிக் குடிப்போன் அவனினும் கீழ்மகன். தன் பங்குக்கு மேல் மூன்று முறை வாங்குவோனையும் அவர்கள் விரும்புவதில்லை. பணத்தைக் காட்டுகின்றான் என்பர். நீனோ இதனை அறியாது விழிக்க, அறிமுகமே இல்லாத ஒருவன் அவனுக்கு இதைக் கற்பிக்கும் பகுதி நூலிற் சிறந்தது.

நமக்கு இதைப் படித்தபோது மொய்ப் புத்தகம் நினைவுக்கு வந்தது. நம் தோட்டத்திற் கல்யாணம் காதுகுத்து எதுவாயினும், பந்தலின் ஓரத்தில் மேசை போட்டு மொய் எழுதும் வேலை கிராணியின் தலையில் விழும். யார் எவ்வளவு வைத்தார், முன்பு அவர் வீட்டு விசேஷத்தில் நாம் எவ்வளவு வைத்தோம் என்ற கணக்கு எழுத்திலும் இருக்கும், நெஞ்சிலும் இருக்கும். ஷவுட்டும் அக்கணக்கே. பெற்றவன் திருப்பிச் செய்ய வேண்டும். திருப்பிச் செய்யும் ஆற்றல் உடையவனே சபையில் மனிதன். வேறுபாடு ஒன்று. மொய்யைத் திருப்ப ஆண்டுகள் உண்டு. ஷவுட்டை அன்றைக்கு வீடு திரும்புமுன் தீர்த்தாக வேண்டும். உறவினர்க்கும் அயலார்க்கும் நீண்ட நாள் கடன் பொருந்தும். நாளை எங்கே வேலை என்று தெரியாத கூலிக்காரர்க்கோ அன்றன்றைக்குக் கணக்குத் தீர்க்கும் முறையே பொருந்தும். ஊர் விட்டு ஊர் போய் உழைக்கும் ஆண்கள் மிகுந்திருந்த நாட்டில் இவ்வழக்கம் வேரூன்றியதில் வியப்பில்லை.

இவ்வழக்கத்தில் நாம் மதிக்க வேண்டியது ஒன்று உண்டு. வேலை கொடுக்கும் ஜோவும் பள்ளம் வெட்டும் நீனோவும் ஒரே பலகையின் முன் தோளோடு தோள் நிற்கின்றனர். ஜோ வாங்கினால் நீனோவும் வாங்க வேண்டும். நீனோ வாங்குவதை ஜோ மறுக்கக் கூடாது. முதலாளி கொடுக்க ஆள் வாங்கிக்கொள்ளும் கொடையாக இருந்தால் அஃது எசமானத்தனம். மாறி மாறி வாங்குவதால் அது சமத்துவம். இதனை எழுதும்போது நமக்கே நாணம் உண்டாகின்றது. இத்தோட்டத்துக்கு நாம் வந்து பல ஆண்டுகள் ஆயின. பிரட்டுக்களத்தில் நாள்தோறும் பெயர் கூப்பிட்டிருக்கின்றோம். பால் நிறுக்கும் இடத்தில் நின்று எடை குறித்திருக்கின்றோம். ஆயினும் ஒரு பால்வெட்டுத் தொழிலாளி வாங்கிக் கொடுத்த தேநீரை அவர் பக்கத்தில் அமர்ந்து குடித்தது எத்தனை முறை என்று விரல் மடக்கிப் பார்த்தால் ஒரு கை விரல்களே மிஞ்சுகின்றன. லயத்து வாசலில் நின்று பேசிவிட்டுத் திரும்புவதைப் பழக்கம் என்று கூறிக்கொள்கின்றோம். ஜோவுக்கு அது பழக்கமாகத் தோன்றாது.

குறை கூற வேண்டியதும் உண்டு. இச்சமத்துவத்தின் வாயிலுக்கு மதுக்கிண்ணம் ஒன்றே சாவி. குடியாதவனுக்கு அங்கே இடம் எது? கள்ளுக்கடை தோட்டத்துக்கு அருகே இருந்த நாட்களில் கூலிநாளின் மாலை அங்கேயே கரைந்ததையும், அதனால் எரியாமற் போன அடுப்புகளையும் பெரியோர் வாயிலாகக் கேட்டறிந்தவர் நாம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1916 முதல் 1955 வரை மாலை 6 மணிக்கு மதுக்கடைகளை மூட வேண்டும் என்பது சட்டம். குடியைக் குறைக்க வந்த சட்டம் குடியை விரைவாக்கியது. ஐந்து மணிக்கு வேலை விட்டு ஆறு மணிக்குள் குடித்து முடிக்க வேண்டியிருந்தமையால் மக்கள் நெருக்கியடித்து விழுங்கினர். சட்டத்தால் மட்டும் சீர்திருத்தம் வாராது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. நூல் இவ்வழக்கத்தின் இனிமையையே சொல்கின்றது. வீட்டுக்குச் சென்ற கூலி எவ்வளவு என்று அது கேட்பதில்லை.

வீடு என்றதும் மற்றொரு கேள்வி எழுகின்றது. இந்த நாளில் பெண் எங்கே? நீனோ மணக்கும் கே என்பாளை அவன் மான்லி என்னும் கடற்கரை ஊரில் ஓர் உணவுக்கடையிற் சந்திக்கின்றான். அவள் ஸ்பகெட்டியைக் கரண்டியால் அள்ளித் தின்ன முயல, அவன் முள்கரண்டியாற் சுற்றித் தின்னும் முறையைக் காட்டப் புகுகின்றான். வந்தவன் ஆசானாகவும் இருந்தவள் மாணாக்கியாகவும் நிற்கும் அரிய இடங்களுள் இஃது ஒன்று, அதனாலேயே சுவைக்கின்றது. ஆனால் வேலைக்களமும் மதுக்கடையும் ஆண்களுக்கே உரியன. இது நூலின் கற்பனையன்று, நாட்டின் நடப்பு. பொது மதுக்கூடத்திற் பெண்கள் நுழையலாகாது என்றிருந்தது. 1965-இல் பிரிஸ்பேன் நகரில் மெர்ல் தார்ன்டன், ரோசலி போக்னர் என்னும் இரு பெண்மணிகள் ஒரு மதுக்கூடத்தின் கம்பியில் தங்களைச் சங்கிலியாற் பிணைத்துக்கொண்டு இத்தடையை எதிர்த்தனர். அவர்கள் கேட்டது வெறும் கிண்ணத்தை என்று எண்ணுவோர் ஷவுட்டின் பொருளை அறியாதவரே. கணக்கிற் சேர்க்கப்பெறாதவர் சபையிலும் சேர்க்கப்பெறார்.

நிற்க. இனி நூலின் பெரிய கேள்விக்கு வருகின்றோம்.

நீனோ குலோட்டா என்று ஒருவன் இல்லை. நூலை எழுதியவர் ஜான் ஓகிரேடி. 1907-இற் பிறந்தவர், சிட்னிக்காரர், மருந்து கலப்பவராகப் பயின்றவர், அயர்லாந்து வழிவந்த ஆஸ்திரேலியர். எழுத்தாளராக விளங்கிய தம் உடன்பிறந்தாரோடு கட்டிய ஒரு பந்தயத்தால் இந்நூலை எழுதினார் என்று சொல்வர். நூல் வெளிவந்த சிறிது காலத்தில் உண்மை வெளிப்பட்டது. மக்கள் சினந்தனர் அல்லர். மேலும் சிரித்து மேலும் வாங்கினர்.

புனைபெயர் குற்றமன்று. ஆண் பெண்ணாகவும் முதியோன் சிறுவனாகவும் நின்று பேசுதல் இலக்கியத்தில் எங்கும் உள்ளதே. ஆதலின் “ஏமாற்றினார்” என்று கூறி நூலைத் தள்ளிவிடுவது எளிது, ஆனால் முறையன்று. நாம் கேட்பது வேறு. வந்தவனின் வாயில் இருந்தவன் தன் சொல்லை வைத்தால் அச்சொல் எப்படி மாறுகின்றது?

இவ்விடத்தில் நம் அனுபவம் ஒன்றைக் கூறாமலிருத்தல் இயலாது. சில ஆண்டுகட்குமுன் பால்வெட்டும் அம்மையார் ஒருவர், மகளின் பேறுகாலத்துக்குப் போய்வர ஒரு வாரம் விடுப்புக் கேட்டு மனு எழுதித் தருமாறு நம்மிடம் வந்தார். அவர் சொன்னது இது: “இருபத்திரண்டு வருசம் வெட்டியிருக்கேன். ஒரு நாளு கேட்டதில்ல. இப்ப கேக்குறேன். குடுத்தாகணும்.” நாம் ஆங்கிலத்தில் எழுதியதோ, தாழ்மையுடன் பணிந்து வேண்டுவதாகவும், மேலிடத்தாரின் இரக்கத்தை என்றும் மறவேன் என்பதாகவும் அமைந்தது. கையொப்பத்துக்கு முன் அதனைத் தமிழிற் சொல்லிக் காட்டினோம். அம்மையார் கேட்டுவிட்டு, “இது யாரு பேசுறது, கிராணி ஐயா?” என்றார். நாம் சிரித்து மழுப்பினோம். விடுப்புக் கிடைத்தது. மனுவைப் படித்த மேலாளர் “நல்ல பணிவான பெண்” என்று கூறினாராம். அவர் பாராட்டியது அம்மையாரையன்று, நம் பேனாவை. அம்மையார் எத்தகையவர் என்பதை அவர் இன்றுவரை அறியார்.

ஓகிரேடியின் நூல் அத்தகைய ஒரு மனு. 1945-இல் குடியேற்றத்துக்கென்றே தனி அமைச்சு அமைத்து, போருக்குப் பின் ஐரோப்பாவிலிருந்து இலட்சக்கணக்கானோரை வரவழைத்த நாடு அது. வந்தவர்க்கு ‘புதிய ஆஸ்திரேலியர்’ என்று பெயரிட்டனர். அவர்கள் தங்களைப் பற்றி என்ன நினைக்கின்றனரோ என்ற ஐயம் அந்நாட்டார்க்கு இருந்திருக்கும். அப்போது ஒரு ‘வந்தவன்’ எழுந்து, நீங்கள் சற்று விசித்திரமானவர்கள், ஆனால் உலகிற் சிறந்தவர்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்கின்றான். நாடே மகிழ்ந்தது. தன்னைத் தானே புகழ்ந்தாற் கூச்சம் உண்டாகும். அப்புகழைப் பிறன் வாயால் வரச் செய்தாற் கூச்சமும் இல்லை, இனிமையும் மிகுதி. நூலின் முடிவில் நீனோ தன் போன்ற குடியேறிகளுக்கு அறிவுரை கூறுகின்றான்: ஆங்கிலம் கற்க வேண்டும், தம் மொழியார் கூட்டத்தை விட்டு ஆஸ்திரேலியரோடு கலக்க வேண்டும், மனத்தால் இன்னும் பழைய நாட்டிலேயே வாழ்வோர் திருந்த வேண்டும் என்பது அதன் கருத்து. இவ்வறிவுரையை ஓர் ஆஸ்திரேலியர் தம் பெயரில் எழுதியிருந்தால் அதிகாரமாக ஒலித்திருக்கும். நீனோவின் பெயரில் வரவே அனுபவமாக ஒலிக்கின்றது. இங்கேதான் நம் மனம் ஒப்பவில்லை.

மனு பயனற்றது என்று நாம் கூறவில்லை. நம் மனுவால் அம்மையாருக்கு விடுப்புக் கிடைத்தது. அதுபோல் இந்நூலைப் படித்த சிலராவது, அதுவரை இழிபெயரிட்டு அழைத்த இத்தாலியனை ‘மேட்’ என்று அழைத்திருப்பர். அது சிறு நன்மையன்று. ஆனால் எந்த இத்தாலியனை? நீனோ தான் வட இத்தாலியன் என்பதை அழுத்திச் சொல்லி, தென்னாட்டு இத்தாலியரினின்றும் தன்னைப் பிரித்துக்கொள்கின்றான். விருந்தினன் உள்ளே வருவதற்காகத் தன் உறவினனை வாசலில் விட்டுவரும் இக்காட்சி நமக்கும் புதிதன்று. நகரத்து விருந்துகளில் “நாங்கள் தோட்டத்தார் அல்லோம்” என்று முந்திக்கொண்டு சொல்லும் குரலை நாம் கேட்டதில்லையா?

வாசலிலும் நிற்க முடியாதோர் இருந்தனர். 1901-ஆம் ஆண்டுக் குடியேற்றத் தடைச் சட்டத்தின்படி, வேண்டாதவரை விலக்க ஓர் எழுத்துத் தேர்வு வைத்தனர். அதிகாரி தாம் விரும்பிய ஐரோப்பிய மொழியில் 50 சொற்களைச் சொல்ல, வந்தவர் எழுத வேண்டும். பல மொழி அறிந்த செக் நாட்டு எழுத்தாளர் எகான் கிஷ் 1934-இல் வந்தபோது ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் அவருக்குத் தேர்வு வைத்ததை நினைத்தால் அதன் நோக்கம் விளங்கும். குவீன்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்களில் உழைத்த பசிபிக் தீவுத் தொழிலாளரைத் திருப்பி அனுப்பவும் அதே 1901-இல் தனிச்சட்டம் செய்தனர். முன்னே நாம் பாராட்டிய எட்டு மணியும் நியாயக் கூலியும் இந்த வேலிக்குள்ளேதான் வளர்ந்தன. போர்க்காலத்தில் அடைக்கலம் புகுந்து, அங்கேயே ஆஸ்திரேலியப் பெண்களை மணந்து வாழ்ந்த மலாய்க் கப்பலாட்களை 1947, 1948-ஆம் ஆண்டுகளில் வெளியேற்ற முனைந்தபோது மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கண்டனம் எழுந்தது. கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து அடைக்கலம் வந்து, ஆஸ்திரேலியர் ஒருவரை மணந்த ஆனி ஓகீஃப் என்னும் அம்மையார் 1949-இல் உயர்நீதிமன்றம் சென்று வென்ற பிறகே அங்குத் தங்க முடிந்தது. எழுத்துத் தேர்வு 1958-இல் ஒழிந்தது. நிறவேற்றுமைக் கொள்கையின் எச்சம் 1973-இல் ஒழிந்தது. கொழும்புத் திட்டத்தின்கீழ் 1950-களில் மலாயாவிலிருந்து மாணவர் சென்றனர். ஆனால் படித்து முடித்ததும் திரும்ப வேண்டும் என்பதே விதி. ஆகவே 1957-இல் நீனோ, எல்லோரும் வந்து எங்களோடு கலந்துவிடுங்கள் என்று இரு கையும் நீட்டி அழைத்தபோது, அவ்வழைப்பு நம் மண்டோர் மகனின் பாட்டனாருக்கு அனுப்பப்பெற்றதன்று. அந்நாட்டின் ஆதிக்குடிகளுக்கும் அனுப்பப்பெற்றதன்று. அவர்களுக்கு மது விற்பதையே அந்நாளிற் சட்டம் தடுத்திருந்தது. ஷவுட் வாங்குவதும் கொடுப்பதும் சபையில் அமர்வதாயின், நிலத்துக்கு உரியவரே சபைக்கு வெளியே நின்றனர்.

அவ்வாறாயின் வந்தவர் தம் வாயாற் பேசிய நூல்கள் உளவா? உள. இரண்டை மட்டும் குறிப்பிடுவோம்.

ஒன்று, ஜூடா வேட்டன் 1952-இல் வெளியிட்ட ‘ஏலியன் சன்’ என்னும் கதைத் தொகுதி. ஆசிரியர் 1911-இல் ஒடெசாவிற் பிறந்து சிறு குழந்தையாக ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரப்பட்ட யூதர். அதில் வரும் தாய் அந்நாட்டில் மனம் ஊன்றவே மாட்டாள். பிள்ளைகள் நல்ல இசை கேட்க வேண்டும் என்று விரும்புகின்றாள். கையிற் பணமோ இல்லை. இசைத்தட்டு விற்கும் கடைக்கு அவர்களை அழைத்துச் சென்று, வாங்கும் எண்ணமின்றியே தட்டுகளைப் போடச் செய்து கேட்பிக்கின்றாள். நீனோவுக்கு அந்நாடு கிண்ணத்தை நீட்டியது. இத்தாய்க்கு எதையும் நீட்டவில்லை. அவளும் கேட்டுப் பணியவில்லை. இவளை எந்த மனுவிலும் எழுத முடியாது. ஓகிரேடியின் நூலுக்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே இந்நூல் வந்திருந்தும், நாடு சிரித்துக் கொண்டாடியது நீனோவையே என்பதை வாசகர் கருத வேண்டும்.

மற்றொன்று, ரோசா கப்பியெல்லோ 1981-இல் இத்தாலிய மொழியில் எழுதிய நாவல். ‘ஓ லக்கி கண்ட்ரி’ என்று 1984-இல் ஆங்கிலத்தில் வந்தது. அவர் நேப்பிள்ஸ் நகரத்தார், நீனோ ஒதுக்கிய தென்னாட்டார், பெண், 1971-இற் சிட்னிக்குக் குடியேறியவர். அந்நாவலில் வரும் நாள் வேறு நாள். தொழிற்சாலையின் இரைச்சல், பெண்கள் நெருங்கித் தங்கும் விடுதி, வந்தவரை வந்தவரே கடித்துக் குதறும் கோபம் ஆகியவை அதில் நிறைந்துள்ளன. நாகரிகமான வாசகர் முகம் சுளிப்பர். நாமும் சில பக்கங்களிற் சுளித்தோம். ஆயினும் அதைப் படித்தபோது, “இப்ப கேக்குறேன், குடுத்தாகணும்” என்ற அம்மையாரின் குரலே செவியிற்பட்டது. அது மொழிபெயர்க்கப்பட்டும் பணிவாகாத குரல்.

இவ்விரண்டோடும் ஒப்பிட, நீனோவின் நூல் தாழ்ந்ததா? நகையில் உயர்ந்தது; வேலையையும் பேச்சையும் காட்டுவதிற் சிறந்தது; நட்பின் ஒரு வழக்கத்தை இதைவிடத் தெளிவாக விளக்கும் நூலை நாம் கண்டதில்லை. ஆனால் அது வந்தவனின் நாள் அன்று. வந்தவனுக்கு அமைய வேண்டும் என்று இருந்தவன் விரும்பிய நாள். அவ்வாறு அறிந்து படிப்போர்க்கு அது நல்ல நூல். அறியாது படிப்போர்க்கு அது பொய்ச்சாட்சி.

மொழி கற்க வேண்டும் என்ற அறிவுரையை நாம் முழுதும் ஏற்கின்றோம். வாழும் நாட்டின் மொழியை அறியாதவன் பிறர் தயவில் வாழ்பவனே. அயலாரோடு பழக வேண்டும் என்பதையும் ஏற்கின்றோம். ஆனால் பழகுவதற்கு விலையாகத் தன் வீட்டாரை மறக்க வேண்டும் என்பதை ஏற்க முடியாது. கொடுத்து வாங்குவதன்றோ ஷவுட்டின் நெறி? வந்தவன் மட்டும் தன் மொழியையும் வழக்கத்தையும் கொடுத்துக்கொண்டே இருக்க, இருந்தவன் வாங்கிக்கொண்டே இருந்தால் அது ஜோவின் நீதிப்படியே முறைகேடு. ஸ்பகெட்டியைச் சுற்றித் தின்னக் கற்றுக்கொடுத்த அந்த ஒரு காட்சியில் ஆசிரியர் இதனைத் தம்மை அறியாமலே ஒப்புக்கொண்டுவிட்டார்.

மண்டோருக்கு நாம் சொன்ன விடை இதுதான்: “மகனைப் போகச் சொல்லுங்கள். குடிக்காமலும் அமரலாம் என்று சொல்லுங்கள். தன் முறை வரும்போது எல்லோருக்கும் அவனே முந்தி வாங்கட்டும். தனக்குத் தண்ணீரோ பழச்சாறோ வாங்கிக்கொள்ளட்டும். அடுத்த வாரம் அவர்களைத் தன் அறைக்கு அழைத்து நம் வீட்டுக் கறியைச் சமைத்துப் போடட்டும். கணக்கு நேராகிவிடும்.” அவர் சிறிது நேரம் யோசித்து, “மொய்யி மாதிரின்னு சொல்லுங்க” என்றார். ஆம் என்றோம்.

மற்றொன்றும் சொன்னோம். நாள்தோறும் நடப்பதை அவன் தன் பேச்சிலேயே எழுதி அனுப்பட்டும். அதைத் திருத்தாமல் வைத்திருங்கள் என்றோம். சமையற்கட்டில் அவன் கழுவும் தட்டு எத்தனை, யார் ஏசினார், யார் உதவினார், இரவில் எந்த ரயிலில் யாரோடு திரும்பினான் என்பவற்றை அவனன்றி எழுதவல்லார் வேறெவர்? நாம் உட்பட எந்தக் கிராணியும் அதனை அழகாக்கித் தர வேண்டியதில்லை. நம் வாசகர்களிலும் பிறநாடு சென்று உழைப்போர் பலர் உளர். அவர்களுடைய ஒரு நாளை அவர்களே எழுதட்டும். இல்லையேல் வேறொருவர் நம் பெயரில் எழுதுவார். நாமும் சிரித்துக்கொண்டே வாங்கிப் படிப்போம்.